சிற்றாற்றுத் தண்ணீர் போகும் வழி

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டைப் பிழியும்போது, இவ்வளவு நேரம் தலையில் விழுந்த தண்ணீர் அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அருவியைப் பார்த்தாயிற்று, குளித்தாயிற்று, நேந்திரங்காய் சிப்ஸும் மங்குஸ்தானும் வாங்கியாயிற்று, வண்டி கிளம்பிவிடும். தண்ணீருக்கோ வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. பேரருவியின் அடியிலிருந்து சீவலப்பேரி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அது போயாக வேண்டும். வழியில் அணைக்கட்டுகள் மறிக்கும், வாய்க்கால்கள் பங்கு பிரித்துக்கொண்டு போகும், குளங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரின் கூடவே இறங்கிப் போனால்தான் தென்காசிச் சீமையின் கதை ஒழுங்காகப் பிடிபடும் என்பது என் எண்ணம். ஆற்றின் பெயர் சிற்றாறு.

அது பிறப்பது மலையில் என்று சொன்னாலும், உண்மையில் மேற்கே அரபிக்கடலில் இருந்துதான் வருகிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கொல்லம் கரையில் ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. மலை முழுவதும் சுவராக நின்றுவிட்டிருந்தால் கிழக்கே இருக்கிற நமக்கு ஒரு துளியும் கிடைத்திருக்காது. ஆரியங்காவுக் கணவாய் என்ற இடைவெளி இருப்பதால், ஈரம் மிச்சமிருக்கும் காற்று அதன் வழியாகச் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் நுழைந்துவிடுகிறது. அதுதான் சாரல். பூத்தூவலாக விழும், நனைந்தோமா இல்லையா என்றே தெரியாது, கொஞ்ச நேரத்தில் வெயிலும் அடிக்கும். தென்காசியில் இப்படிச் சாரல் அடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், கொஞ்ச தூரம் கிழக்கே போனால் மண் காய்ந்து புழுதி பறக்கும். நெல்லைச் சீமைக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. சிற்றாற்றுக்கு ஆனி, ஆடியிலேயே தண்ணீர் வந்துவிடுவதற்கு அந்தக் கணவாயும் குற்றாலத்து மலைமுடிகளும்தான் காரணம்.

மூன்று முடி கொண்டதால் திரிகூடமலை என்று பெயர் பெற்ற அந்த மலையில், உச்சியை ஒட்டித் தேனருவி. அதற்குக் கீழே செண்பகதேவி அருவி, அங்கே அம்மன் கோயில். அதற்கும் கீழே இறங்கிவந்துதான் தண்ணீர் பேரருவியாக விழுகிறது. மேலே இருக்கும் அருவிகளுக்குப் போக இப்போது வனத்துறை விடுவதில்லை. அது நல்லதே. ஊற்றுப் பகுதியில் மனிதக் காலடி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஆறு நிலைக்கும்.

பேரருவியில் எல்லோரும் பார்க்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. அருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றுத் தண்ணீர் ஒரே வீச்சில் தலையில் விழுந்தால் யாராலும் நிற்க முடியாது. இருந்தும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் பாட்டிமாரும் நின்று குளிக்கிறார்கள். காரணம், பாறையின் நடுவே தண்ணீரே குடைந்து வைத்திருக்கும் ஓர் ஆழமான பள்ளம். அதைப் பொங்குமாகடல் என்கிறோம். மேலிருந்து வரும் வேகம் முழுவதையும் அந்தப் பள்ளம் வாங்கிக்கொண்டு, நுரைத்துச் சுழற்றி, விளிம்பில் வழியவிடுகிறது. நம் தலையில் விழுவது அந்த வழிசல்தான். தண்ணீர் குறைந்திருக்கும் நாளில் போனால், பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கிய சிவலிங்கங்கள் தெரியும். யார் எப்போது செதுக்கினார்களோ, அத்தனை லிங்கத்துக்கும் நாள் முழுக்க அபிஷேகம் நடக்கும்படி இடம் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இரும்புக் குழாய்க் கைப்பிடிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிற ஜனங்கள்.

அந்தப் பள்ளத்துக்கும் ஓர் அளவு உண்டு. மலையில் பெருமழை பெய்தால் பொங்குமாகடலையும் தாண்டித் தண்ணீர் பாய்ந்துவரும். முன்னால் இருக்கும் ஆர்ச்சையே தொட்டுவிடும். அப்போது குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்டதற்குப் போலீஸ்காரரோடு சண்டைக்கு நிற்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில், கீழே மழையின் அறிகுறியே பெரிதாக இல்லாத நேரத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே போலீஸ்காரர் 'வெளியே வாங்க' என்று சொன்னால் அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும்.

அருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவத்தில். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இங்கே இரண்டு பதிகங்கள் பாடியிருக்கிறார். ஒன்று குற்றாலத்துக்கு, இன்னொன்று இங்குள்ள தலமரமான குறும்பலாவுக்கு. மரத்துக்கென்று தனிப் பதிகம் வாங்கிய ஊர் இது. கோயிலைவிட்டுச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டிச் சித்திர சபை நிற்கிறது. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலத்தில் மட்டும் உலோகமும் இல்லை, மணியும் இல்லை, வண்ணம்தான். ஆடும் பெருமானே இங்கே சுவரோவியமாக இருக்கிறார். மார்கழித் திருவாதிரையன்று அந்த ஓவியத்துக்குத்தான் தீபாராதனை. சாரலும் ஈரக்காற்றும் ஓயாத ஓர் ஊரில், சுவரில் தீட்டிய ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அங்கே நிற்கும்போது தோன்றும். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த அருவிக்கரைக்குப் பக்கத்து ஊரான மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சிக்காக, மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் விட்டார். அந்த நிலத்துக்கே குறவஞ்சிமேடு என்று பெயர் வந்துவிட்டது. வசந்தவல்லி குற்றாலநாதர் மேல் காதல் கொள்கிற கதைதான். ஆனால் மலை வளத்தைச் சொல்ல வாயெடுக்கிறவள் குறி சொல்ல வந்த குறத்தி. அவளைத் தேடிவரும் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைக்கும் இடத்தில், பறவைகள் மேயும் வயல்களையும் குளங்களையும் கவிராயர் பெயர் பெயராக அடுக்குகிறார். கோயில் நிலங்களின் பதிவேட்டையே பாட்டாக்கிவிட்ட மாதிரி இருக்கும். அருவியைப் பாடிய கவிஞருக்கு அதன் தண்ணீர் எந்தெந்த வயலில் பாய்கிறது என்பதும் தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரையின் பின்பாதிக்கு அது தேவைப்படும்.

குற்றாலத்துக்கு வெளிச்சீமைக்காரர்கள் வந்த கதையும் உண்டு. டச்சுக்காரரிடமிருந்து மொலுக்காத் தீவுகளை ஆங்கிலேயர் பிடித்தபின், 18ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி அங்கிருந்த கிராம்பு, சாதிக்காய்ச் செடிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். கடல் கடந்து வந்த செடிகள் இந்தச் சாரலில் பிழைத்துக்கொண்டன. இன்றைக்கு சீசன் நாளில் கடைகளில் குவித்து வைத்திருக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாமே அந்தக் கிழக்குத் தீவுகளின் உறவுக்காரப் பழங்கள்தான். 1830களில் பாளையங்கோட்டையில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இந்த மலைகளில் செடி சேகரித்தார். பிற்பாடு அவர் வெளியிட்ட பெரிய தாவர நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். லண்டன் கியூ தோட்டத்து உலர்செடித் தாள்களில் இன்றும் குற்றாலத்தின் பெயர் இருக்கிறது.

பிறகு ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1954இல் மறையும்வரை கம்பனையும் குற்றாலத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். ஐந்தருவிச் சாலையில் இருந்த அவர் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். அருவியில் குளிப்பது, சாப்பிடுவது, பாட்டு ஒன்றை எடுத்துப் பலமுறை வாய்விட்டுச் சொல்லி அனுபவிப்பது, இதுதான் அங்கே நாள்முறை. ஓர் ஊரின் காற்றையும் தண்ணீரையும் தமிழ் படிக்கும் வழியாக ஆக்கிக்கொண்டவர் அவர்.

இனி தண்ணீரோடு கீழே இறங்குவோம்.

பேரருவித் தண்ணீர் சிற்றாறாக ஊரைத் தாண்டியதும் உறவுகள் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. ஐந்தருவியில் விழுவது தனி ஓடை, அது தனியே வந்து சேரும். பழைய குற்றாலத்துப் பக்கத்திலிருந்து அழுதகண்ணி ஆறு. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஹரிஹர நதி, குண்டாறு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூருக்கும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்த ஊர். மொழிவாரி மாநிலப் பிரிவினையில்தான் நம்மோடு சேர்ந்தது. அந்தப் பழைய எல்லை பிரானூரில் இருந்ததால் அந்த இடத்துக்கு இன்றைக்கும் 'பார்டர்' என்றுதான் பெயர். எல்லை போய் 70 வருஷம் ஆகப்போகிறது, பார்டர் பரோட்டா மட்டும் நிலைத்துவிட்டது. குற்றாலத்திலேயே திருவிதாங்கூர் மகாராஜாவின் அரண்மனை ஒன்று இருக்கிறது, அது இப்போதும் கேரள அரசின் சொத்து. மனிதர்கள் போட்ட எல்லைகளை எல்லாம் இந்த ஓடைகள் தினமும் கடந்துகொண்டுதான் இருந்தன.

இலஞ்சி முருகன் கோயிலைக் கடந்து தென்காசிக்குள் நுழைகிறது ஆறு. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகர். அதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பும் இது ஒரு தலைநகர்தான். மதுரையை இழந்த பாண்டியர்கள் கடைசியாக ஊன்றி நின்ற இடம் இது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். 1457இல் ராஜகோபுர வேலையை ஆரம்பித்தான். அது முடிவதைப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1463இல் அவன் காலம் முடிந்தது, தம்பி குலசேகரன் முடித்துவைத்தான். அவனுக்குப் பின் வந்தவர்களில் அதிவீரராம பாண்டியன் நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதினான். நாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப் போனபிறகும் கோயிலும் கவிதையும் கையைவிட்டுப் போகவில்லை.

பராக்கிரம பாண்டியன் அந்தக் கோயிலில் தமிழ்ப் பாட்டுகளாகவே கல்வெட்டு வெட்டிவைத்திருக்கிறான். வேறெந்த அரசன் கல்வெட்டும் என்னை இந்த அளவு அசைத்ததில்லை. வழக்கமாக அரசர்கள் வென்ற நாடுகளைச் சொல்வார்கள், தர்மத்துக்குக் கேடு செய்பவன் இன்ன பாவத்தில் போவான் என்று சபிப்பார்கள். இவன் இந்தக் கோயில் நாளைக்குப் பழுதடையும் என்று எதிர்பார்க்கிறான். அப்படிப் பழுது வரும்போது அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவர் காலில் தான் விழுந்து வணங்குவதாக இன்றைக்கே எழுதிவைக்கிறான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத ஒரு கொத்தனாரின் காலில் விழுகிறான். பழுது வரவும் செய்தது. ராஜகோபுரம் மேல்நிலைகளை இழந்து, பிளந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அடிப்பகுதி மட்டும் நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். சிவந்தி ஆதித்தனார் முன்னின்று அதை ஒன்பது நிலைகளோடு சுமார் 178 அடி உயரத்துக்குக் கட்டிமுடிக்க, 1990இல் குடமுழுக்கு நடந்தது. கணவாய்க் காற்று அந்தக் கோபுர வாசலில் வந்து மோதுவதை ஆனி, ஆடியில் போனால் உடம்பே சொல்லும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையவேண்டியிருக்கும்.

கோயிலுக்குக் கிடைத்த அக்கறையில் பாதிகூட ஆற்றுக்குக் கிடைக்கவில்லை. தென்காசியில் சிற்றாற்றைப் பார்க்க யானைப் பாலத்துக்குப் போகவேண்டும். படித்துறையில் இறங்கித் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், கரையோரத்துச் செடிகளில் பிளாஸ்டிக் பைகளும் பழந்துணிகளும் ஷாம்பூ உறைகளும் சிக்கித் தொங்குகின்றன. ஊர்ச் சாக்கடை ஓடைகள் இங்கே ஆற்றோடு கலக்கின்றன. மலையிலிருந்து இறங்கி எட்டு கிலோமீட்டர்கூட வந்திருக்காது, அதற்குள் இப்படி. மேலே அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் தடை விதித்தது. தடை பலகையில் இருக்கிறது, ஷாம்பூ உறை பாறை இடுக்கில் இருக்கிறது.

தென்காசியைத் தாண்டியபின் சிற்றாற்றைத் தேடி யாரும் வருவதில்லை. ஆற்றின் நிஜமான வாழ்க்கை இங்கேதான் இருக்கிறது. தலையணை, அடிவட்டம்பாறை, பாவூர் என்று அணைக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அணைக்கட்டு என்றதும் பாபநாசம், மணிமுத்தாறு போல எண்ணிக்கொள்ளக்கூடாது. ஆற்றுக்குக் குறுக்கே இடுப்பளவோ ஆளளவோ கல் கட்டு. வரும் தண்ணீரைக் கொஞ்சம் தலைநிமிர வைத்துப் பக்கத்துக் காலில் திருப்புவதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சம் வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். காலில் போகும் தண்ணீர் குளத்தில் நிற்கும், குளத்து மடை வழியாக வயலுக்குப் பாயும். குளம் நிறைந்தால் மறுகால் விழுந்து கீழ்க்குளத்துக்கு ஓடும். மேல்குளம் பெருகி மறுகால் பாய்கிறது என்ற செய்தி வந்தால் கீழ்க்குளத்து ஊரில் அன்றைக்கு முகமெல்லாம் மலர்ந்திருக்கும். ஆனி, ஆடித் தண்ணீரில் கார் நெல், ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீரில் பிசான நெல், இரண்டு போகமும் இதை நம்பித்தான். சீசன் நன்றாக இருக்கிறதா என்று குற்றாலத்தில் லாட்ஜ்காரர் விசாரிக்கும் அதே வாரத்தில், அதே கேள்வியை நாற்று பாவலாமா என்ற கவலையோடு கீழே ஒரு சம்சாரி கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பக்கத்தில் வடக்கிலிருந்து வரும் பெரிய துணை அனுமன் நதி. மேக்கரையில் அதன் குறுக்கே அடவிநயினார் அணை, 132 அடி. குண்டாறு அணை 36 அடிதான், சீசன் தொடங்கி முதலில் நிறைவதும் பெரும்பாலும் அதுதான். கடையநல்லூர்ப் பக்கம் கருப்பாநதி அணை, 72 அடி. அனுமன் நதி சிற்றாற்றோடு சேரும் இடம் வீரகேரளம்புதூர். ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை அங்கேதான். இருதாலய மருதப்பத் தேவர் அங்கே ஜமீன்தாராக இருந்த காலத்தில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அவர் அவையில் இருந்தார். 1865இல் பிறந்து 1891இல் மறைந்தவர், 26 வயசுதான் வாழ்ந்தார். அந்தச் சின்ன ஆயுளில் காவடிச்சிந்தை ஒரு தனி வகையாகவே நிலைநாட்டிவிட்டார். இன்றைக்கும் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுக்கிறவர்களின் கால் போடும் தாளம் அவர் போட்டுக்கொடுத்தது.

அடுத்து மானூர். இங்கே கொஞ்சம் நின்றே ஆகவேண்டும்.

சிற்றாற்றிலிருந்து பிரியும் கால் ஒன்று நெடுந்தூரம் ஓடி மானூர்ப் பெரியகுளத்தில் சேருகிறது. கடைமடைக் குளம் போன்றது இது. மேலே உள்ள ஊர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டபின்தான் இதற்கு வரும். பல வருஷம் வராமலும் போகும். ஊர்க்கோயிலான அம்பலநாதர் கோயிலில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபையில் யார் உறுப்பினராக இருக்கலாம், அவருக்கு என்ன கல்வி வேண்டும், எப்படிப்பட்ட நிலவுரிமை வேண்டும், நடத்தை எப்படி இருக்கவேண்டும் என்று அது விதி சொல்கிறது. சபையில் எதை எடுத்தாலும் மறுத்துப் பேசி வேலையைக் கெடுக்கிறவருக்கும் அவருக்குத் துணை நிற்கிறவருக்கும் ஐந்து காசு தண்டம் என்றும் சொல்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர்க் கல்வெட்டு அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது. பள்ளிப் பாடத்தில் உத்திரமேரூர் இருக்கிறது, மானூரை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. அது அந்தணர்கள் மட்டும் இருந்த சபை, உழுதவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆனாலும் கடைமடையில் இருக்கிற ஓர் ஊர், கூடிப் பேசுவதற்கு இவ்வளவு கறாரான விதிகளைக் கல்லில் வெட்டியிருக்கிறது என்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. தண்ணீர் கடைசியில் வந்துசேரும் ஊரில் பங்குச் சண்டை வந்தால் ஊரே பாழாகும், அங்கே கூடிப் பேசத் தெரிந்தே ஆகவேண்டும். இது என் ஊகம்தான்.

ஆவணி மூலத் திருவிழாவில் நெல்லையப்பர் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு மானூருக்கு வந்து கருவூர்ச் சித்தருக்குக் காட்சி கொடுக்கிறார். பெரிய கோயிலின் சுவாமி சின்ன ஊரைத் தேடி வருகிற அந்த ராத்திரிக்கு மானூரில் கூட்டம் தாங்காது. பக்கத்தில் உக்கிரன்கோட்டை. பழைய பெயர் கரவந்தபுரம். மதுரை ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்த அமைச்சர் மாறன் காரி இந்த ஊர்க்காரர். கோயில் முடியுமுன் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முன்மண்டபம் கட்டி 770இல் குடமுழுக்குச் செய்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடிக்கிற கதை இந்த ஆற்றங்கரைக்குப் புதிதில்லை போலிருக்கிறது.

அதற்குப்பின் சிற்றாறு கங்கைகொண்டானுக்கு வருகிறது. ராஜேந்திர சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர். சென்னையிலிருந்து நெல்லைக்கு ரயிலிலோ நாற்கரச் சாலையிலோ வருகிறவர்கள் இங்கே ஒரு பாலத்தைக் கடக்கிறார்கள். பெரும்பாலான மாதங்களில் கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். இதுதான் குற்றாலத்துத் தண்ணீர் வரும் வழி என்று சொன்னால் நம்பமாட்டார்கள். 2013இல் இங்கே புள்ளிமான்களுக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள். கரிசலின் வெயிலில், முள்ளுக்காட்டில் மான்கள்.

கடைசியாகச் சீவலப்பேரி. இங்கே சிற்றாறு தாமிரபரணியில் சேருகிறது. கயத்தாற்றுப் பக்கத்து ஓடையும் வந்து சேர்வதால் பழைய பெயர் முக்கூடல். கரையில் அழகர் கோயில். முக்கூடற்பள்ளு பிறந்தது இந்த மண்ணில். எழுதியவர் தன் பெயரை விட்டுச் செல்லாத நூல் அது. அழகக் குடும்பன் என்ற பள்ளன், அவனுக்கு முக்கூடற்பள்ளி, மருதூர்ப்பள்ளி என்று இரண்டு மனைவிகள், ஒருத்தி பெருமாள் கட்சி, ஒருத்தி சிவன் கட்சி, இருவருக்கும் ஓயாத ஏச்சு. நடுவே ஆற்றில் புதுவெள்ளம் வருகிறது. மீன் வகை, மாட்டு வகை, நெல் வகை என்று பெயர்கள் கொட்டிக்கிடக்கின்றன. அதில் வரும் நெல்லின் பெயர்களில் பெரும்பகுதி இன்றைக்கு விதையாக இல்லை, அந்தப் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரே ஆறு. தலையில் குற்றாலக் குறவஞ்சி, வாலில் முக்கூடற்பள்ளு. தமிழில் சிற்றிலக்கியம் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற இரண்டு நூல்களை, 80 கிலோமீட்டர் நீளமே உள்ள ஓர் ஆறு தன் இரண்டு முனையிலும் வைத்திருக்கிறது. ஒன்றில் மலையை அறிந்த குறத்தி பேசுகிறாள், இன்னொன்றில் சேற்றை அறிந்த பள்ளன் பேசுகிறான். இரண்டையும் எழுதியவர்கள் படித்த புலவர்கள், பாடப்பட்டது கோயில் சுவாமிகளை. இருந்தும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தபோது, அதன் பிறப்பையும் பயனையும் நேரில் அறிந்தவர்களின் வாயைத்தான் நாடவேண்டியிருந்தது. இந்த இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிற்றாற்றின் வரைபடத்தையும் விரித்துவைத்து நம் கல்லூரிகளில் பாடம் நடத்தவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சீவலப்பேரியோடும் முடியவில்லை. அங்குள்ள ஆற்றுப் படுகையிலிருந்து கோவில்பட்டிக்குக் குடிநீர் போகிறது. மிச்சம் தாமிரபரணியின் பெயரில் மருதூர் அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு என்று பாய்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. மேற்குக் கடலில் ஏறிய தண்ணீர் கிழக்குக் கடலில் இறங்குகிறது.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. சோப்பையும் ஷாம்பூவையும் எண்ணெயையும் தங்கும் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அருவிக்குக் கீழே அதே தண்ணீரை எதிர்பார்த்து மானூர்க் குளம் இருக்கிறது, கோவில்பட்டிக் குடங்கள் இருக்கின்றன. இன்னொன்று, ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் சித்திர சபையைப் பார்த்துவிட்டு, தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு, சீவலப்பேரி வரை போய்வாருங்கள். திருநெல்வேலியிலிருந்து பஸ் இருக்கிறது.